தாகூரின் 'கோரா' புதினத்தில் நட்பும் பற்றுறுதியும்: பினய் என்னும் நண்பனை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இரவீந்திரநாத் தாகூரின் 'கோரா' பெரும்பாலும் தேசியம், சமயம், அடையாளம் ஆகிய நோக்குகளில் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. கோராவுக்கும் பினய்க்கும் இடையிலான நட்பு அவ்வாசிப்புகளில் துணைக்கதையாகவே இடம்பெறுகிறது. அந்நட்பையே புதினத்தின் மையச் சோதனையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. கொள்கையின் மீது கோரா கொண்ட பற்றுறுதியும், மனிதர்களின் மீது பினய் உணரும் கடப்பாடும் மோதும் இடங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பிறப்பு உண்மை வெளிப்பட்டதும் கோராவின் சமயச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. நண்பனுக்கு அவன் பட்ட கடன் தீரவில்லை என்பதும், புதினத்தின் இறுதி வரி அக்கடனையே சுட்டுகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: தாகூர், கோரா, நட்பு, பற்றுறுதி, கடப்பாடு, பிரம்ம சமாஜம், வங்கப் புதினம்

முன்னுரை

'கோரா' 1907இல் 'பிரபாசி' இதழில் தொடராக வெளிவரத் தொடங்கி 1910இல் நூலாயிற்று. 1905ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கத்தில் தாகூர் தொடக்கத்தில் முன்னின்றார். பின்னர் அதன் போக்கில் மனம் ஒவ்வாமல் விலகினார். அவ்விலகலின் காலத்தில் எழுதப்பட்ட புதினம் இது. கதை நிகழும் காலம் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு முந்தையது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது பிறந்த கோரா கதையில் இளைஞன். பிரம்ம சமாஜம் 1866இலும் 1878இலும் பிளவுண்ட சூழலும், அதற்கு எதிர்வினையாக வங்கப் படித்த வகுப்பினரிடையே இந்து மரபுப் பெருமிதம் எழுந்த சூழலும் கதைக்குப் பின்னணியாகின்றன.

இப்புதினம் குறித்த ஆய்வுகள் கோராவின் அடையாளச் சிக்கலையே மையமாகக் கொண்டுள்ளன. ஆசிஷ் நந்தி 1994இல் வெளியான தம் நூலில் இதனைத் தாகூரின் ஏனைய இரு அரசியல் புதினங்களோடு இணைத்துத் தேசியத்தின் மீதான திறனாய்வாக வாசித்தார். கிப்ளிங்கின் 'கிம்' (1901) புதினத்தோடு இதனை ஒப்பிடும் வழக்கமும் உண்டு. இரண்டிலும் தலைமைப் பாத்திரம் இந்தியாவில் வளரும் ஐரிஷ் வழிப் பிள்ளை. இவ்வாசிப்புகள் பயனுடையவை. எனினும், இவற்றில் பினய் பெரும்பாலும் கோராவின் நிழலாகவோ, காதல் துணைக்கதையின் தலைவனாகவோ மட்டும் எஞ்சுகிறான். கதை தொடங்குவது கோராவிடமிருந்து அன்று, பினயிடமிருந்து. முடிவதும் பினயின் பெயரோடுதான். இந்த அமைப்பைக் கருத்திற்கொண்டால் புதினத்தின் எடை வேறோரிடத்தில் இருப்பது புலனாகும்.

பற்றுறுதியும் கடப்பாடும்

இக்கட்டுரையில் 'பற்றுறுதி' என்பது ஒரு கொள்கை, நாடு, சமயம் ஆகியவற்றுக்கு ஒருவர் தம்மை ஒப்படைப்பதைக் குறிக்கிறது. 'கடப்பாடு' என்பது குறிப்பிட்ட மனிதரொருவரின் நம்பிக்கைக்குத் தாம் பொறுப்பு என ஒருவர் உணர்வதைக் குறிக்கிறது. நடைமுறையில் இவை பின்னிக்கிடப்பவை. ஒரே கொள்கையை ஏற்ற நண்பர்களிடையே எது எதனைத் தாங்குகிறது என்பது, இரண்டும் பிரியும் தருணத்தில்தான் தெரியவரும்.

நட்பின் உரிமையைப் பற்றிச் சிந்தித்த தமிழ் மரபில் இதற்குப் பொருத்தமான சொல்லொன்று உண்டு. திருக்குறளின் 81ஆம் அதிகாரமான 'பழைமை', நெடுநாள் நண்பர் உரிமையோடு கேளாமலே செய்வதைப் பொறுத்தலைக் 'கெழுதகைமை' என்னும் சொல்லால் விளக்குகிறது. அவ்வுரிமை இருவருக்கும் பொதுவானது. ஒருவரே உரிமை எடுத்துக்கொள்ள, மற்றவரே எப்போதும் பொறுத்துக்கொண்டிருப்பின் அந்நட்பின் நிலை யாது என்னும் வினாவை 'கோரா'வின் நிகழ்வுகள் எழுப்புகின்றன.

சமமற்ற நட்பு

கோராவும் பினயும் உடன்பயின்றோர். இருவரும் இயங்கும் இந்துச் சபைக்குக் கோரா தலைவன், பினய் செயலாளன். பினய் பெற்றோரை இழந்தவன். கல்கத்தாவில் தனியே வாழ்பவன். கோராவின் தாய் ஆனந்தமயியே அவனுக்குத் தாயாக அமைகிறார். எனவே கோராவின் வீடு அவனுக்கு நண்பன் வீடு மட்டுமன்று. அவன் அறிந்த ஒரே குடும்பமும் அதுவே. நட்பை இழத்தல் கோராவுக்கு ஒரு தோழனை இழத்தல். பினய்க்கு அது வீட்டையே இழத்தலாகும். இந்தச் சமமின்மையைப் புதினம் முழுவதும் நினைவிற்கொள்ள வேண்டியுள்ளது.

பினயின் இயல்பு தொடக்கத்திலேயே கதைசொல்லியால் சுட்டப்படுகிறது. வாதத்தில் கொள்கையை உரக்க நிலைநாட்டுபவன் அவன். மனிதர்களோடு பழகும்போது கொள்கையைவிட மனிதரையே பெரிதாகக் கருதுபவன். கோராவின் கருத்துகளில் எவ்வளவை அவன் உண்மையென ஏற்றான், எவ்வளவைக் கோராவின் மீதான அன்பால் ஏற்றான் என்பதைப் பிரித்தறிவது கடினம் என்னும் கருத்தும் அங்கே தரப்படுகிறது. பின்னாளில் நிகழும் பிளவு திடீர் மாற்றமன்று என்பதற்கு இதுவே சான்று. பினய் கொள்கையைக் கைவிடவில்லை; தான் ஏற்றது கொள்கையையா, நண்பனையா என்பதை அவன் பின்னரே அறிந்துகொள்கிறான்.

கோராவின் பற்றுறுதிக்கும் வரலாறு உண்டு. ஒரு காலத்தில் பிரம்ம சமாஜச் சார்புடையவனாக இருந்தவன், ஆங்கிலேயச் சமயப் பரப்புநர் ஒருவர் இந்து சமயத்தைத் தாக்கி எழுதியதை மறுக்கப் புகுந்து, அம்மறுப்பின் வழியே மரபின் காவலனாகிறான். இழிவுக்கு உள்ளான சமூகத்தின் சார்பில் நின்றே அதன் ஆசாரங்கள் அனைத்தையும் அவன் தன்மேல் ஏற்றுக்கொள்கிறான். அவனது கடுமை தன்னலத்தால் விளைந்ததன்று. அதனாலேயே பினயால் அதனை எளிதில் மறுக்க இயலவில்லை.

உணவும் உரிமையும்

நட்பின் முதல் உரசல் உணவில் நேர்கிறது. ஆனந்தமயியின் அறையில் லச்மியா என்னும் கிறித்தவப் பணிப்பெண் இருப்பதால் அங்கு உண்ணுதல் ஆசாரத்துக்கு ஒவ்வாது என்பது கோராவின் நிலை. தான் உண்ணாதிருப்பதோடு அவன் நில்லாமல், பினயையும் தடுக்கிறான். தாயற்ற ஒருவனைத் தாயின் உணவிலிருந்து விலக்கும் இச்செயலைக் கோரா நட்பின் உரிமையாகவே கருதுகிறான். பினய் அவ்வேளையில் பணிகிறான். ஆயினும் மனம் பொறாமல் பின்னர்த் தானே ஆனந்தமயியை நாடிச் சென்று அவரிடம் உண்கிறான். வாதத்தில் தோற்றவன் செயலில் தன் கடப்பாட்டைக் காத்துக்கொள்ளும் முதல் இடம் இது.

ஆனந்தமயியின் நிலை இங்கே ஒப்புநோக்கத்தக்கது. கோராவைக் கையில் ஏந்திய நாளிலேயே அவர் ஆசாரத்தைத் துறந்தவர். கோரா கிளர்ச்சியின்போது தஞ்சம் புகுந்த ஐரிஷ் பெண்ணொருத்தியின் மகன் என்பதை வாசகர் தொடக்கப் பகுதியிலேயே அறிந்துகொள்கின்றனர். கோராவும் பினயும் அறியார். ஆகவே, தாயின் கைச்சோற்றை மறுக்கும் மகன், அத்தாய் எதனால் ஆசாரத்தை இழந்தாரோ அக்காரணமே தான் என்பதை அறியாமல் மறுக்கிறான். ஒரு குழந்தைக்காகத் தம் நிலையை இழக்க ஒப்பிய ஆனந்தமயியிடம், இக்கட்டுரை வரையறுத்த 'கடப்பாடு' அதன் முழு வடிவில் காணப்படுகிறது.

இரண்டாம் உரசல் திருமணப் பேச்சு. பினய் பரேஷ் பாபுவின் பிரம்ம சமாஜக் குடும்பத்தோடு நெருங்குவது கோராவைப் புண்படுத்துகிறது. அப்புண்ணை ஆற்றும் எண்ணத்தில், கோராவின் தமையன் மஹிமின் மகள் சசிமுகியை மணக்கப் பினய் இசைகிறான். விருப்பத்தால் அன்றி நட்புக்கடனால் தரப்பட்ட வாக்கு இது. ஆனந்தமயி இதனை உடனே உணர்கிறார், கோரா உணரவில்லை. நண்பன் தன் வாழ்வையே ஈடுவைப்பதைக் கோரா கொள்கையின் வெற்றியாக எடுத்துக்கொள்கிறான். ஒருவனே பொறுத்துக்கொண்டிருக்கும் நட்பு எத்துணை தொலைவு செல்லும் என்பதற்கு இப்பகுதி சான்றாகிறது.

எனினும் கோராவை உணர்ச்சியற்றவனாகப் புதினம் காட்டவில்லை. மொட்டைமாடியில் நள்ளிரவில் இருவரும் உரையாடும் பகுதி இதற்கு எடுத்துக்காட்டு. தன்னுள் எழுந்த புதிய அன்புணர்வைப் பினய் மனம்திறந்து சொல்லக் கேட்கும் கோரா நெகிழ்கிறான். ஆனால் கேட்டதை அவன் உடனே தன் நாட்டுப்பற்றுக்கான உவமையாக மாற்றிக்கொள்கிறான். நாட்டை அவ்வளவு நேரடியாக உணரவேண்டும் என்பதே அவன் பெறும் பாடம். நண்பனின் உள்ளத்தை ஆழ்ந்து கேட்டபோதும் அவன் கேட்டது தன் கொள்கையின் குரலையே எனலாம்.

நாவிதர் வீடும் நண்பன் வாழ்வும்

ஆசார வரம்பைக் கோரா ஒருமுறை தானே மீறுகிறான். கிராமப் பயணத்தில், அவுரி ஆலையினரின் கொடுமைக்கு ஆளான முசுலிம் குடியானவர் ஊரொன்றை அவன் அடைகிறான். அங்குள்ள ஒரே இந்து வீடு நாவிதருடையது. சிறைப்பட்ட முசுலிம் குடியானவரின் மகனை அந்நாவிதர் தம் வீட்டில் வளர்த்து வருகிறார். அவ்வீட்டில் நீர் அருந்தத் தயங்கும் கோரா, ஆலையின் அலுவலரான பிராமணரின் வீட்டுக்குச் செல்கிறான். ஒடுக்குபவனின் வீட்டில் உண்டு சாதியைக் காப்பதா, அடைக்கலம் தந்தவரின் வீட்டில் உண்டு அதனை இழப்பதா என்னும் வினா அவனைத் தாக்குகிறது. அவன் நாவிதரின் வீட்டுக்கே திரும்புகிறான்.

கோராவின் மாற்றத்துக்கான முதல் அடையாளம் என இப்பகுதி பொதுவாகப் போற்றப்படுகிறது. நட்பின் நோக்கில் இது மற்றொரு வினாவையும் எழுப்புகிறது. முன்பின் அறியாத நாவிதரின் பொருட்டு வரம்பைக் கடந்தவன், உயிர்நண்பனின் பொருட்டு ஏன் கடக்கவில்லை? நாவிதரின் வீட்டில் கோரா எதிர்கொண்டது அநீதி. அநீதியை எதிர்த்தல் அவன் நாட்டுப்பற்றுக்கு உள்ளடங்கியது; அங்கே அவன் வரம்பை மீறினாலும் பற்றுறுதி குலையவில்லை. பினய் வேண்டி நிற்பது நீதியன்று. தான் தேர்ந்த வாழ்வோடு தன்னை ஏற்குமாறே அவன் வேண்டுகிறான். மாறுபட்ட நண்பனுக்குக் கோராவின் கொள்கையில் இடமில்லை. துன்புறும் மக்களை நேசிக்க இயன்றவனுக்கு, இன்புற விரும்பும் நண்பனை நேசித்தல் கடினமாகிறது.

சிறையும் நீராவிக் கப்பலும்

காவலரோடு நேர்ந்த மோதலில் மாணவர்கள் பக்கம் நின்ற கோரா ஒரு மாதக் கடுங்காவல் தண்டனை பெறுகிறான். வழக்குரைஞர் அமர்த்திக்கொள்ளவும் அவன் மறுக்கிறான். தண்டனை விதித்த நீதிபதியின் இல்லத்தில் பரேஷ் பாபுவின் மகளிர் பங்கேற்கும் கலைநிகழ்ச்சி ஏற்பாடாகியிருக்கிறது. லலிதா அதில் பங்கேற்க மறுத்து, எவரிடமும் சொல்லாமல் நீராவிக் கப்பலேறிக் கல்கத்தா புறப்படுகிறாள். அதே கப்பலில் பினயும் இருக்கிறான். மணமாகாத இருவர் தனியே இரவுப் பயணம் செய்தது இரு சமூகங்களிலும் அலராகிறது.

பினயைக் கோராவின் எதிரொலி என்று முன்னர் எள்ளியவள் லலிதா. கோராவின் கொள்கையை அவள் ஏற்றவளல்லள். கோரா அவளது சமூகத்தை மதித்தவனும் அல்லன். ஆயினும் அவனுக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பொறாமல் தன் நற்பெயரையே அவள் பணயம் வைக்கிறாள். பினயையும் லலிதாவையும் இணைத்தது கோராவின் பொருட்டு இருவரும் உணர்ந்த கடப்பாடே என்பது இதனால் தெளிவாகிறது. சிறையிலிருந்து மீளும் கோரா எந்த உறவைச் சமூகத் துரோகமெனக் கருதுகிறானோ, அவ்வுறவு அவன் பொருட்டு நேர்ந்த துணிச்செயலால் வலுப்பெற்றது. தாகூர் இதனை எங்கும் வெளிப்பட விளக்கவில்லை. கோராவும் இதனை எண்ணிப் பார்ப்பதாகக் காட்டவில்லை.

திருமணமும் விலகலும்

பினய், லலிதா திருமணச் சிக்கலைப் புரிந்துகொள்ள அக்காலச் சட்டநிலை உதவும். 1872ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டத்தின்படி மணம் புரிவோர், தாம் இந்து, கிறித்தவ, இசுலாமிய முதலிய சமயங்களைப் பின்பற்றுவோர் அல்லர் என அறிவிக்க வேண்டியிருந்தது. பிரம்ம சமாஜத்தினர் வற்புறுத்திப் பெற்ற சட்டம் இது. ஒரு சமூகத்தை விட்டு நீங்குவதாகச் சொல்லாமல் மற்றொரு சமூகத்தவரை மணத்தல் அரிது என்னும் சூழலில்தான் பினயின் இக்கட்டு பொருள்பெறுகிறது.

பினய் முதலில் பிரம்ம சமாஜத்தில் தீக்கை பெற முனைகிறான். தன் பொருட்டு அவன் தன்னைத் துறத்தலாகாது என்று லலிதா மறுக்கிறாள். முடிவில் பினய் இந்துவாகவே இருக்க, சாளக்கிராமம் இன்றித் திருமணம் நிகழ்கிறது. கோராவுக்குச் சசிமுகியை மணக்க இசைந்து வாக்களித்த பினய்க்கும், மாறாமலே ஏற்கப்படும் பினய்க்கும் இடையிலான தொலைவு இங்கே தெரிகிறது. லலிதா அவனிடம் வேண்டாததையே கோரா அவனிடம் எப்போதும் வேண்டினான்.

இரு சமூகங்களும் இம்மணத்தை எதிர்க்கின்றன. பிரம்ம சமாஜத்தின் சார்பில் ஹாரான் பாபு பழிதூற்றுகிறார். இந்துச் சமூகத்தின் சார்பில் கோரா விலகுகிறான். ஹாரான் சிறுமனம் கொண்டவர். கோரா பெருமனம் கொண்டவன். எனினும் சமூகத்தின் பெயரால் தனிமனிதரிடம் பணிவை வேண்டுவதில் இருவரும் ஒரே இடத்தில் நிற்கின்றனர். கோராவைப் பொறுத்தவரை மற்றொரு முரணும் உண்டு. பினயை எந்த வீட்டிலிருந்து தடுத்தானோ அவ்வீட்டைச் சேர்ந்த சுசரிதாவிடம் அவனும் ஈர்க்கப்படுகிறான். தன்னுள் எழும் ஈர்ப்பை அடக்கும் முயற்சியும் நண்பன்மீது காட்டும் கடுமையும் ஒருங்கே வளர்கின்றன.

கோரா திருமணத்துக்கு வர மறுக்கிறான். மணத்தை முன்னின்று நடத்துபவர் ஆனந்தமயி. தம் குடும்பத்தாரின் எதிர்ப்பை அவர் பொருட்படுத்தவில்லை. தாயற்றவனின் திருமணத்தில் தாயின் இடம் வெறுமையாக இருத்தலாகாது என்பதே அவருக்குப் போதிய காரணம். பரேஷ் பாபுவும் தம் சமாஜத்தின் வெறுப்பை ஏற்றுக்கொள்கிறார். நண்பன் நிற்க வேண்டிய இடத்தில் இரு முதியோர் நிற்கின்றனர்.

பிறப்பு உண்மையும் தீராக் கடனும்

சிறைசென்றதற்குக் கழுவாய்ச் சடங்கு செய்யவிருந்த நாளில், நோயுற்ற கிருஷ்ணதயாள் கோராவின் பிறப்பை வெளிப்படுத்துகிறார். எந்தச் சமூகத்தின் காவலனாகத் தன்னை எண்ணினானோ அதில் தனக்கு இடமேயில்லை என்பதை அறியும் கோரா, அந்த இழப்பையே விடுதலையாக உணர்கிறான். பரேஷ் பாபுவை நாடிச் சென்று அவரைக் குருவாக ஏற்கிறான். சுசரிதாவோடு அவரை வணங்குகிறான். வீடு திரும்பி ஆனந்தமயியில் இந்தியாவைக் காண்கிறான். லச்மியாவின் கையால் நீர் கேட்கிறான்.

இம்முடிவு பிறப்புவழி அடையாளத்தின் பொய்மையை நிறுவுகிறது எனக் கூறுவதில் பிழையில்லை. ஆயினும் நட்பின் நோக்கில் ஒரு தடை எழுகிறது. கோரா எதனையும் தேர்ந்தெடுத்துத் துறக்கவில்லை. அவன் பற்றியிருந்தது அவன் கையிலிருந்து நழுவியது. பினய் தன் சமூகத்தின் சினத்தை அறிந்தே ஏற்றான். ஆனந்தமயியும் பரேஷ் பாபுவும் லலிதாவும் அவ்வாறே ஏற்றனர். அவர்கள் விலைகொடுத்துப் பெற்ற விடுதலை கோராவுக்கு ஒரு செய்தியால் வாய்த்தது. உண்மை வெளிப்படாதிருந்தால் கோரா நண்பனிடம் திரும்பியிருப்பானா என்னும் வினாவுக்குப் புதினம் விடையளிக்கவில்லை.

இதனைப் புதினத்தின் குறையெனக் கொள்ள இடமுண்டு. ஆனால் இறுதி வரி அவ்வாறு கொள்வதைத் தடுக்கிறது. லச்மியாவை அழைத்து நீர் கொண்டுவரச் சொல்லுமாறு கோரா கேட்ட பின்னர், ஆனந்தமயி கண்ணீர் தழுதழுக்கும் குரலில், இனிப் பினயை அழைத்துவர ஆளனுப்பட்டுமா என்னும் பொருள்பட மெல்லக் கூறுகிறார். அத்தோடு புதினம் முடிகிறது. குரு, காதலி, தாய், பணிப்பெண் ஆகிய நால்வரிடமும் கோரா தானே செல்கிறான் அல்லது தானே பேசுகிறான். நண்பனின் பெயரை மட்டும் அவன் சொல்லவில்லை. அவன் தாய் சொல்கிறார். பினய் வந்தானா, இருவரும் என்ன பேசினர் என்பது எழுதப்படவில்லை.

இவ்வமைப்பைத் தற்செயலாகக் கருத இயலாது. பினய் தன் வீட்டு மேல்தள முகப்பில் நின்று தெருவை நோக்கும் காட்சியோடு தொடங்கிய கதை, அவன் பெயரோடு முடிகிறது. கொள்கைச் சிக்கல்கள் அனைத்தும் தீர்ந்தபின் எஞ்சியிருப்பது ஒரு மனிதனுக்குத் தரவேண்டிய கடன் என்பதை அனைவருக்கும் முன்னரே உணர்ந்தவர் ஆனந்தமயி. கோராவின் கண்டடைதல் அவரை இந்தியாவின் உருவாக உயர்த்துகிறது. அவரோ அவ்வுயர்வைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், வராத ஒருவனை நினைவூட்டுகிறார்.

முடிவுரை

'கோரா'வில் பற்றுறுதி இழிவாகக் காட்டப்படவில்லை. கோராவின் நாட்டுப்பற்று நேர்மையானது. அதற்காக அவன் சிறையும் சென்றான். கருத்தொருமையை நட்பின் முன்நிபந்தனையாக்கும்போது அப்பற்றுறுதி என்னவாகிறது என்பதையே புதினம் ஆராய்கிறது. பினய் கோராவின் கொள்கையிலிருந்து விலகியபோதும் கோராவிடமிருந்து விலகவில்லை. கோரா கொள்கையைக் காத்த அளவுக்கு நண்பனைக் காக்கவில்லை.

1916இல் நூலான 'வீடும் உலகமும்' புதினத்தில் தாகூர் இவ்வினாவுக்கு மீண்டும் வருகிறார். அங்கே நாட்டுப்பற்றை முழங்கும் சந்தீப், தன்னைத் தாங்கிய நண்பன் நிகிலேஷின் வீட்டையே குலைக்கிறான். கோராவின் நேர்மை சந்தீப்பிடம் இல்லை, மீட்சியும் இல்லை. நண்பனை இழத்தலைக் கொள்கையின் பொருட்டுத் தரும் விலையாகக் கொள்ளும் மனநிலை எங்குச் சென்று முடியும் என்னும் அச்சம் 'கோரா'விலேயே தொடங்கிவிட்டது எனலாம். அவ்வச்சத்துக்கு எதிராக 'கோரா' முன்வைப்பது, இனியாவது அவனை அழைக்கலாமா என்னும் ஒரு தாயின் கேள்வியை. அதற்குக் கோரா தரும் விடை புதினத்துக்கு வெளியே உள்ளது.